முதல் கரண்டிப் பால்

சித்திரை மாத வெயிலில், முந்திரித் தோடு போட்டு எரிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில், மிலிட்டரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பொம்பளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பச்சை ஸ்வெட்டர், முழங்கையில் துணி வைத்துத் தைத்தது. என் கொழுந்தன் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தபோது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. அதை அவர் மனைவி, என் ஓரகத்தி, சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு வாணலி முன்னால் துடுப்புப் பிடித்து நிற்பாள். எங்களுக்கெல்லாம் முதுகில் வியர்வை ஓடும். அவள் கையைத் தொட்டால் கிணற்றுக்குள் கிடந்த கல்லைப் போலச் சில்லென்று இருக்கும். பால் ஊற்ற வருகிறவர்கள், "என்ன ஆச்சி, உங்க ஓரகத்திய காஷ்மீர் டூட்டியில போட்டிருக்காகளா?" என்று கேலி பேசுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் பால்கோவா கிண்டுகிற இடம். என் வீட்டுக்காரர் போன பொறவு பாலும் அடுப்பும் என் கைக்கு வந்துவிட்டன. கொழுந்தன் கடையைப் பார்த்துக்கொண்டார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குக் கருவி எதுவும் வேண்டாம். விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் போதும், அது ஓடுகிற ஓட்டத்திலேயே சொல்லிவிடுவேன். எந்த நேரத்தில் தோட்டை வெளியே தள்ள வேண்டும், எந்த நேரத்தில் சர்க்கரை விழ வேண்டும் என்று என்னைக் கேட்காமல் இந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. படிப்பு மட்டும் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதனால் ஒன்றும் குறைந்து போய்விடவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் போய், "இதுல என்ன போட்டிருக்கு?" என்று நான் கேட்டதில்லை. கேட்கிற அந்தச் செத்த நேரத்துக்கு அவர்களுக்குக் கீழே நிற்க வேண்டுமே. அது என்னால் ஆகாது.

என் ஓரகத்தி ராஜபாளையத்துப் பெண். வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களோடு பழகிய பழக்கத்தில் என்னை "அக்கய்யா" என்பாள். பொறவு அது அக்கா ஆனது. அவள் குரலைச் சொல்ல வேண்டும். பின்கட்டில் இருந்து கூப்பிட்டால் தெருமுனையில் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்ப்பார். சிரித்தால் வாணலி அதிரும். பிள்ளை இல்லை என்பதை ஒரு குறையாக அவள் பேசியதில்லை. நானும் அதைக் குத்திக் காட்டியதில்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் நல்லவளாக இருந்திருக்கிறேன்.

நாற்பது வயதைத் தாண்டிய பொறவு அந்தக் குரல் கெட்டது. வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கரகரத்துத் தடித்துப் போனது. காலையில் பார்த்தால் முகம் ஊதியிருக்கும். புருவத்தின் ஓரம் உதிர்ந்து கோடு பாதியில் நின்றது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாசத் தூரம் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காது. நகமெல்லாம் வெளுத்து நடுவில் குழி விழுந்திருந்தது. அரிசி டப்பாவைத் திறந்து பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். நான் ஒரு நாள் கையைப் பிடித்து, "ஏட்டி, இந்த வயசுல என்ன புள்ளத்தாச்சி ஆசை?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை விஷயத்தில் குத்திக் காட்டியதில்லை என்று முன்னால் சொன்னேன். இப்போது சொல்லும்போதுதான் இது ஞாபகம் வருகிறது. அதையும் இருக்க விடுகிறேன்.

எனக்கு அதெல்லாம் சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்தது. "நின்னுக்கிட்டே தூங்குதியா? பால் அடிப்பிடிக்குது பாரு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் ஒரு நாள் துடுப்பைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். நல்லவேளை, அடுப்புப் பக்கம் விழவில்லை. ஊரிலேயே ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஆறுதான் இருக்கிறது, தைராய்டு சுத்தமாக வேலை செய்யவில்லை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தால்தான் இந்தப் போக்கு நிற்கும், ஆனால் இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு கத்தி வைக்க முடியாது, பத்துக்கு வரட்டும், பத்து வந்தால் மறுநாளே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து பத்து என்பது எங்கள் வீட்டில் ஒரு ஊர்ப் பேர் மாதிரி ஆகிவிட்டது. எப்போது போய்ச் சேருவோம் என்று எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று தைராய்டுக்கு, சின்னதாக வெள்ளை. ஒன்று இரும்புச் சத்துக்கு, சிவப்பாகப் பெரிசு. டாக்டர் அவளிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மருந்துக் கடையில் நின்றேன். கடைக்காரர் கவரின் மேல் எதையோ எழுதி, "வெறும் வயித்துல போடணும்மா" என்றார். மற்றதை எழுதியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அவளுக்கோ அப்போது மறதி அதிகம், அடுப்பில் வைத்ததை மறப்பாள், சொன்ன சொல்லை மறப்பாள். அதனால் மாத்திரை டப்பாவை நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டையும் விடிகாலையில் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது, நான் கண்ணால் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரும்பு மாத்திரை சூடு, வயிற்றைப் புண்ணாக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். சூட்டுக்குப் பால்தானே குளிர்ச்சி. முதல் வாணலி பொங்கி அடங்கியதும், ஆடை எடுக்காத பாலில் முதல் கரண்டியை எடுத்து ஆற்றி, டம்ளரில் ஊற்றி, இரண்டு மாத்திரையோடு அவள் கையில் கொடுத்தேன். வெறும் வயிறு என்றார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருந்தால் பாலும் பழமும் சாப்பிடலாம், விரதம் கெடாது. பெருமாளுக்கே பால் கணக்கில் வராதபோது மாத்திரைக்கு மட்டும் வருமா என்று நான் யோசிக்கக்கூட இல்லை. அதுவும் முதல் கரண்டிப் பால் சாமிக்கு வைக்கிற பால். அதை அவளுக்கு மாற்றிக் கொடுத்தேன். அம்புட்டுப் பிரியத்தோடுதான் கொடுத்தேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, டம்ளரை வாங்காமல் நின்றாள். "அக்கா, தண்ணியில போடச் சொன்னாக. அந்தச் சிவப்பு மாத்திரைய மத்தியானத்துக்கு மேல தள்ளி வைக்கச் சொன்னாக" என்றாள். பின்கட்டில் வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "இருவது வருசமா இந்தப் பாலுலதான வளந்திருக்க? இப்ப அது ஆகாமப் போச்சோ? சாமிக்கு வைக்கிறத உனக்குத் தாரேன், வேணாம்னா கீழ ஊத்திட்டுப் போ" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பொறவு வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

மூன்று வருஷமும் ரத்தம் ஏறவில்லை. ஆறரை, ஏழு, மறுபடி ஆறு. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், மறுபடியும் கூட்டினார்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு தூரத்தில் அது போன இடம் தெரியவில்லை. டாக்டர் தாளைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார். "உண்மையைச் சொல்லுங்கம்மா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்பார். அவள், "போடுதேன் சார்" என்பாள். அந்தக் கரகரத்த குரலில் அது பொய் மாதிரியே கேட்கும். டாக்டர் நம்பவில்லை, கொழுந்தன் நம்பவில்லை. கொடுத்த கை என்னுடையதாக இருந்தும் நானும் நம்பவில்லை. வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. அவள் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். குளியலறைத் தூம்பில் பார்த்தேன். ஒரு காலையில், அதே வேலைக்காரப் பெண்கள் நிற்கும்போது, "வாயத் தொற, நாக்கத் தூக்கு" என்றேன்.

அவள் திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நாக்கு வெளுத்து, வழவழவென்று, ஒரு சொரசொரப்பும் இல்லாமல் இருந்தது. மாத்திரை இல்லை. நாற்பத்தைந்து வயது மனுஷி, எனக்குச் சமமாக இந்த வீட்டில் வாழ வந்தவள், அடுப்பு வெளிச்சத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றேன். அது தினமும் நடந்தது. ஒரு வாரம் கழித்து, நான் கேட்காமலே அவள் குடித்து முடித்ததும் வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தாள்.

அவளுடைய அண்ணன் ராஜபாளையத்தில் இருக்கிறார், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்திக்குக் காது குத்து என்று கூப்பிட்டிருந்தார். அங்கே தங்கச்சியைப் பார்த்ததும் ஆடிப் போய்விட்டார். "என்ன மதினி, இவளுக்குப் பேயடிச்ச மாதிரி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். "மாத்திரை போட்டாத்தானே அண்ணாச்சி" என்றேன். அவர் தங்கச்சியைப் பார்த்து, "சின்ன வயசுலருந்தே உனக்குப் பிடிவாதம்டி" என்றார். அவள் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் அங்கேயே ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரைப் பொறுப்பு என்னுடையது என்பதால் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அந்த டாக்டரம்மா சின்ன வயது. பழைய தாள்களையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். மற்றவர்கள் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை. "எப்ப போடுறீங்க, எதுல போடுறீங்க?" என்றார். நான்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "விடியக்காலை, ரெண்டையும் சேத்து, முதல் பாலுல. ஆடை எடுக்காத பாலு. நான் என் கையாலதான் குடுக்கேன், ஒரு நாள் தவறினதில்ல."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பொறவு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கழுத்துக்குள் இருக்கிற தைராய்டுதான் உடம்புக்கு அடுப்பு. ரத்தம் எலும்புக்குள்ளே ஊறுகிறது. அது ஊறுவதற்கு இந்த அடுப்பு எரிய வேண்டும். "அடுப்பு எரியாம பாலை மட்டும் ஊத்திக்கிட்டே இருந்தா கோவா திரளுமா பாட்டி? இவங்களுக்கு இரும்பு குடுக்கிறதும் அப்படித்தான். அடுப்பு அணைஞ்சிருந்தா வயித்துல புளிப்பு கம்மி, இரும்பு சரியா ஒட்டாது. தூரமும் அதிகமாப் போகும், இருக்கிற கொஞ்ச இரும்பும் அதோட போயிரும். இரும்பு குறைஞ்சா அடுப்பு இன்னும் மங்கும்." அடுப்பு எரிய வைக்கத்தான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் பாலோடு போட்டால் பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்ளும். இரும்பு மாத்திரையோடு போட்டால் இரண்டும் வயிற்றுக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும், எதுவும் ரத்தத்தில் போய்ச் சேராது. தண்ணீரில் போட வேண்டும், ஒரு மணி நேரம் எதுவும் கூடாது, இரும்பை நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். "மூணு வருசம் இவங்க மாத்திரை போட்டிருக்காங்க. உடம்புல சேரல. அவ்வளவுதான்" என்றார்.

நான் என் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தேன். நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட். பாதி தூரம் வந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "பாலு என்னமோ நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றாள். சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன், "டாக்டர் என்ன சொன்னாக மதினி?" என்று கேட்டார். வாய்வரைக்கும் வந்தது. வேலைக்காரப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "மாத்திரை நேரத்த மாத்திக் குடுத்திருக்காக" என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "இனிமேலாவது ஏமாத்தாமப் போடு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தோட்டை அள்ளி அடுப்பில் போட்டேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பால் விஷயத்தில் நான் அறியாமல் செய்தேன். இது அறிந்து செய்தது.

தண்ணீரில் போட ஆரம்பித்து மூன்றாம் மாதம் முகத்து ஊதல் வடிந்தது. இரும்பு மாத்திரையை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சம்பழச் சாற்றோடு போட்டாள். புருவத்தில் முடி முளைத்தது. ஆனி கழிந்து ஒரு நாள் ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டாள், மறுபடி எடுக்கவில்லை. ஒரு காலையில் பின்கட்டில் இருந்து பால்காரரைக் கூப்பிட்டாளே, எனக்குத் தூக்கிப் போட்டது. பழைய குரல். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்குப் போனோம். முந்தின வருஷங்களில் பத்துப் படியில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வருஷம் நின்று நின்று மேலே வரை ஏறினாள். மேலே போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "படபடன்னு அடிக்குதுக்கா" என்றாள். மலை ஏறினால் அடிக்கத்தானே செய்யும் என்றேன். ஐப்பசியில் ரத்தம் ஒன்பதரை. வீடே சிரித்தது. கொழுந்தன் எல்லாரிடமும், "இப்பத்தான் ஒழுங்கா போடுதா, பாத்தீகளா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் அந்த இடத்தை விட்டு எழுந்து போவாள்.

மார்கழி கழிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கார்த்திகையில் விடாமல் மழை பெய்தது. சளி, காய்ச்சல் என்று படுத்தாள், மூச்சு இரைத்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பெரிசாகி இருக்கிறது என்றார்கள். தண்ணியாய்ப் போன ரத்தத்தையும் மந்தமாய்ப் போன உடம்பையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடிய இருதயம், இப்போது காய்ச்சலையும் சேர்த்துத் தாங்காது என்றார்கள். மூன்றாம் நாள் காலையில், நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் போய்விட்டாள்.

வருசத் திதிக்கு ராஜபாளையத்து அண்ணன் வந்திருந்தார். பந்தியில் கொழுந்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பாயச வாளியோடு வந்தேன். அவர் யாரிடமோ, "மூணு வருசம் மாத்திரைய ஏமாத்தாம இருந்திருந்தா எந் தங்கச்சி இன்னைக்கு இருந்திருப்பா. பிடிவாதக்காரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாளியைத் தரையில் வைத்தேன். "அவ ஒரு நாளும் ஏமாத்தல. தண்ணி கேட்டா. நாந்தான் குடுக்கல. டாக்டரம்மா சொன்ன பொறவும் நாந்தான் வெளிய சொல்லல" என்றேன். கொழுந்தன் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் பாதி சாப்பிட்ட இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. கொழுந்தன் அன்றிலிருந்து என் கையால் எதுவும் சாப்பிடுவதில்லை. மாடி அறையில் சின்ன அடுப்பு வைத்துத் தானே பொங்கிக்கொள்கிறார். என்னிடம் பாலைப் பற்றிப் பேசுவார், கடையைப் பற்றிப் பேசுவார், வேறு எதுவும் பேச மாட்டார். அவருக்கும் என் மேல் மட்டுமா கோபம் இருக்கும்? அவள் பொய் சொல்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் அவருடையதும்தானே. சமாதானம் செய்ய நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் இந்த வீட்டில் இருக்கட்டும்.

அண்ணன் அந்தத் திதியன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "அப்போ அவ போட்டாளா, மதினி?" என்றார். "போட்டா அண்ணாச்சி, ஒரு நாள் விடாம" என்றேன். அவர் உள்ளே போய் அவள் போட்டோவுக்கு முன்னால் நின்று, "ஏட்டி, அண்ணன மன்னிச்சுக்கோ" என்று சத்தமாகவே சொன்னார். என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மன்னிச்சுக்கோ என்ற அந்த வார்த்தையை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் போட்டோவுக்குப் பூ வைக்கிறேன், நாக்கு நுனி வரை வருகிறது, திரும்பி வந்துவிடுகிறேன். சொல்லிவிட்டால் அவள், "அதுக்கென்னக்கா, போகட்டும்" என்று உடனே சொல்லிவிடுவாள். எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.